வேலை தருவது தயவா? - கொம்பனிகள் ஆள் எடுக்கும் முறை பற்றிச் சில கருத்துகள்

கனடாவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்கள் எங்கே கூடினாலும் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. "எங்கையாவது வேலை இருக்கோ?" கோயில் வீதியிலும் கலியாண மண்டபத்திலும் கேட்பார்கள். செத்த வீட்டிலும் மெதுவாகக் கேட்பார்கள். பதிலும் அநேகமாக ஒன்றுதான். "எங்கட லைனிலை ஆள் எடுக்கினம், சுப்பவைசரோடை கதைச்சுப் பாக்கிறன்." அல்லது, "ஏஜென்சியிலை பேரைப் பதிஞ்சு விடும், கூப்பிடுவினம்."

வேலை தேடுபவர் விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும், நேர்முகப் பரீட்சைக்கு எப்படி உடுத்துப் போக வேண்டும், கையை எப்படிக் குலுக்க வேண்டும் என்றெல்லாம் எமது பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் எத்தனையோ தடவை எழுதிவிட்டன. அது தேவைதான். ஆனால் ஆள் எடுக்கும் கொம்பனிகள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. குறை எப்பொழுதும் வேலை தேடுபவனிடம்தான் இருப்பதாக நாமும் நம்பிவிட்டோம்.

ஸ்காபரோ, மார்க்கம், பிறம்ரன், மிசிசாகா என்று ரொறன்ரோவைச் சுற்றியுள்ள உணவு பொதி செய்யும் இடங்களிலும் பிளாஸ்ரிக் தொழிற்சாலைகளிலும் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளிலும் பெல்ற்றுக்கு முன்னால் நிற்கும் எங்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஒரு உரிமை உண்டு. புதிதாக வருபவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை பழக்குவது நாங்கள்தான். அவன் நிலைப்பானா, ஓடிவிடுவானா என்பது முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் எங்களுக்கு விளங்கிவிடும். மேலே கந்தோரில் இருப்பவர்களுக்கு விளங்க மூன்று கிழமை ஆகும். ஆனால் ஆளைத் தெரிவு செய்வது அவர்கள்.

மூன்று கதவுகள்

தொழிற்சாலை வேலைக்குள் நுழைய இன்று மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதலாவது ஏஜென்சி. தற்காலிகமாக ஆட்களை அனுப்பும் நிறுவனம். விடிய ஐந்து மணிக்குக் குறித்த சந்தியில் நின்றால் வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சேஃப்ரி சப்பாத்து இருக்கிறதா, வேலை செய்யும் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதுடன் தெரிவு முடிந்துவிடும். கொம்பனி ஏஜென்சிக்குக் கட்டும் பணம் ஒன்று, எங்கள் கையில் வரும் சம்பளம் இன்னொன்று. இடையில் எவ்வளவு நிற்கிறது என்பது எங்கள் சம்பளச் சீட்டில் வராது.

இரண்டாவது கடதாசிக் கதவு. இப்போது அது கணினிக் கதவாகிவிட்டது. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினால் பல இடங்களில் முதலில் வாசிப்பது மனிதன் அல்ல. தேடப்படும் சொற்கள் இருக்கின்றனவா, இடையில் வேலையில்லாத காலம் இருக்கிறதா என்று கணினி வடிகட்டுகிறது. முகாமில் இருந்த காலம், தடுப்பில் இருந்த காலம், மூன்றாவது நாடொன்றில் அலைந்த காலம் எல்லாம் அதற்கு வெறும் இடைவெளிதான். வடிகட்டலைத் தாண்டினால் "கனேடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வி. அகதிக் கோரிக்கை முடிவாகாதவர் என்றால் சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்கும். வேலை செய்யும் அனுமதி முறையாக இருந்தாலும், அந்த 9ஐக் கண்டவுடன் "இவன் எத்தனை நாளைக்கு நிற்பானோ" என்று விண்ணப்பத்தை ஓரமாக வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது தெரிந்தவர் கதவு. சுப்பவைசர் எங்கள் ஆளாக இருந்தால், அல்லது லைனில் நிற்பவருடன் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தால், வேலை கிடைத்துவிடும். எம்மில் பலரை வாழவைத்தது இந்தக் கதவு. அதைக் கேவலமாகப் பேச நாம் வரவில்லை. மொழி தெரியாமல், கையில் கடதாசி இல்லாமல் வந்தவனை நம்பி உள்ளே விட்டவர்கள் எம்மவர்கள்தான்.

ஆனால் மூன்று கதவுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஏஜென்சி உடம்பைப் பார்க்கிறது. கணினி கடதாசியைப் பார்க்கிறது. தெரிந்தவர் உறவைப் பார்க்கிறார். இந்த ஆள் இந்த வேலையை எப்படிச் செய்வான் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

கங்காணியும் துண்டும்

ஏஜென்சி எமக்குப் புதிய சங்கதி அல்ல. பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்தவர் கங்காணி. முற்பணத்துடன் தென்னிந்தியாவிலுள்ள தன் ஊருக்குப் போவார். உறவினரையும் ஊரவரையும் திரட்டிக் கூட்டி வருவார். வழிச்செலவும் முற்பணமும் அந்தத் தொழிலாளியின் கடனாகும். ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தோட்டத்திலிருந்து ஒரு தொகை கிடைத்தது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது.

கங்காணி கொடியவர் என்பதால் மட்டும் அந்த முறை கெட்டுப்போகவில்லை. அவர்களில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள். வேலை ஒருவருடைய தயவில் வந்தது என்பதுதான் அதன் நஞ்சு. தயவில் வந்த வேலையில் நிற்பவன் வாய் திறக்க மாட்டான். கூலி குறைந்தாலும் கேட்க மாட்டான். கூட்டிவந்தவனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பயப்படுவான்.

இன்றைய ஏஜென்சியையும் கங்காணியையும் ஒன்று என்று சொன்னால் அது மிகை. இங்கே சட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவில் 2009 நவம்பரிலிருந்து, வேலை எடுத்துத் தந்ததற்கென்று ஏஜென்சி எங்களிடம் பணம் வாங்க முடியாது. 2024 யூலை 1 முதல் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இத்தொழிலை நடத்தவும் முடியாது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கு இருக்கும்வரை, எம்மை நிரந்தரமாக்குவதில் ஏஜென்சிக்கு ஆர்வம் இராது.

ஒரு விடயத்தைப் பலர் அறிவதில்லை. ஏஜென்சி மூலம் வந்த தொழிலாளியைக் கொம்பனி நேரடியாக எடுத்தால், அதற்காக ஏஜென்சி கொம்பனியிடம் கட்டணம் கேட்கலாம். ஆனால் அந்தத் தொழிலாளி அங்கே வேலை தொடங்கிய நாளிலிருந்து முதல் ஆறு மாதத்துக்குள் மட்டுமே கேட்கலாம். அதற்குப் பின் ஒரு சதமும் கேட்க முடியாது. தொழிலாளி நேரடி வேலைக்குப் போவதைத் தடுக்கவும் முடியாது. ஆகவே ஆறு மாதம் கடந்த ஒருவரைப் பார்த்து "ஏஜென்சி விடாது" என்று கொம்பனி சொன்னால், அது காரணமல்ல, சாட்டு.

இதற்குள் ஒரு கசப்பான கதையும் உண்டு. ஒரே வேலையைச் செய்யும் ஏஜென்சித் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே சம்பளம் என்ற விதி 2018 ஏப்ரல் 1இல் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தது. 2019 சனவரி 1இல் அது நீக்கப்பட்டது. ஒன்பதே மாதம்.

கனேடிய அனுபவம் எவ்வளவு பெறும்?

இனிக் கடதாசிக் கதவைப் பார்ப்போம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியலாளர் பிலிப் ஓரியோபூலஸ் ஒரு பரிசோதனை செய்தார். ரொறன்ரோப் பகுதியில் விளம்பரப்படுத்தப்பட்ட வேலைகளுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார். பெயரையும் படித்த நாட்டையும் அனுபவம் பெற்ற நாட்டையும் மாற்றி மாற்றி எழுதினார். 2009இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஆங்கிலப் பெயரும் கனேடியப் படிப்பும் கனேடிய அனுபவமும் கொண்ட விண்ணப்பங்களில் நூற்றுக்கு 16க்கு அழைப்பு வந்தது. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயரும் வெளிநாட்டுப் படிப்பும் அனுபவமும் கொண்டவற்றில் நூற்றுக்கு 5க்கு மட்டுமே வந்தது. அதே நேரம், பிரித்தானியாவிலிருந்து வந்தவர்களின் விண்ணப்பங்கள் கனேடியருடையவற்றுக்குச் சமமாகவே மதிக்கப்பட்டன. ஆக, 'வெளிநாட்டு' அனுபவம் என்பதிலும் நாட்டுக்கு நாடு நிறம் பார்க்கிறார்கள்.

காங்கேசன்துறை சீமெந்து ஆலையிலும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும் வாழைச்சேனைக் காகித ஆலையிலும் பெரிய இயந்திரங்களுடன் வேலை செய்த மூத்தவர்கள் எம்மிடையே இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இங்கே கோப்பை கழுவினார்கள் என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். இயந்திரம் இயந்திரம்தான். அதற்குக் கடவுச்சீட்டு இல்லை.

சரி, அனுபவம் என்பது உண்மையில் எவ்வளவு பெறும்? எந்த முறையில் ஆள் எடுத்தால் நல்ல வேலையாள் கிடைப்பான் என்று உளவியலாளர்கள் நூறு வருடத்துக்குக் கிட்ட ஆராய்ந்து வருகிறார்கள். 2022இல் சாக்கெற்றும் அவரது சகாக்களும் அந்த ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்கெடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் 0 என்றால் சீட்டுக் குலுக்கி எடுப்பதற்குச் சமம். 1 என்றால் ஆளின் வேலைத்திறனை அப்படியே முன்கூட்டிச் சொல்லிவிட்டது என்று பொருள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளி போடும் ஒழுங்கான நேர்முகப் பரீட்சைக்கு 0.42. வேலையைச் செய்யவைத்துப் பார்ப்பதற்கு 0.33. நினைத்ததையெல்லாம் கேட்டுக் கதைத்துக்கொண்டிருக்கும் நேர்முகத்துக்கு 0.19. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.07.

0.07 என்பது சீட்டுக் குலுக்குவதற்குப் பக்கத்து வீடு. இந்த 0.07ஐ வைத்துக்கொண்டுதான் எத்தனையோ வருடமாக எங்களை வாசலில் நிறுத்தி வைத்தார்கள்.

ஆள் ஓடுவதன் விலை

"எங்களுக்கு அவசரத்துக்கு ஆள் வேணும், பரீட்சை வைக்க எங்கே நேரம்?" என்று மனேஜர்கள் சொல்வார்கள். நேரம் எங்கே போகிறது என்பதை எங்கள் லைனில் வந்து பார்க்கட்டும். திங்கட்கிழமை ஐந்து பேர் வருவார்கள். குளிரறை வேலை என்று அவர்களுக்கு ஏஜென்சி சொல்லியிராது. ஒருவர் மெல்லிய சேட்டுடன் வந்திருப்பார். புதன்கிழமை மூவர் இருப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை ஒருவர், அல்லது ஒருவரும் இல்லை. திரும்பவும் ஐந்து பேர். ஒவ்வொரு தடவையும் லைனில் நிற்கும் ஒருவர் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு பழக்க வேண்டும். பிழையாக அடுக்கிய ஸ்கிட்டைப் பிரித்துத் திரும்ப அடுக்க வேண்டும். லேபல் மாறிப் போன பெட்டிகள் திரும்பி வரும். கையைக் காயப்படுத்திக் கொள்பவரும் அநேகமாகப் புதியவர்தான். இவற்றை யாரும் 'ஆள் எடுத்த செலவு' என்று கணக்கில் எழுதுவதில்லை.

இந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட்டின் கார் கொம்பனி படித்துக்கொண்டது. 1913இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக அந்த வருடம் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. எடுக்க எடுக்க ஆட்கள் ஓடினார்கள். போர்மன் நினைத்தவுடன் ஆளை நீக்கும் அதிகாரத்தை அந்த வருடமே குறைத்தார்கள். 1914 சனவரியில் நாட்சம்பளத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 5 டொலர் என்று அறிவித்தார்கள். ஃபோர்ட் தர்மவான் அல்லர். அந்த 5 டொலரைப் பெற ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்றார். தொழிலாளியின் வீட்டுக்கு ஆள் அனுப்பி அவன் நடத்தையையும் விசாரித்தார். ஆனாலும் ஆள் ஓடுவது கொம்பனிக்குத்தான் நட்டம் என்று அவருக்கு விளங்கியது. எங்கள் காலத்து மனேஜர்கள் பலருக்கு இன்னும் விளங்கவில்லை.

கேள்வியே கேட்காத பேக்கரி

நியூயோர்க் நகருக்கு வடக்கே யோங்கர்ஸ் என்ற இடத்தில் கிரேஸ்ரன் என்று ஒரு பேக்கரி இருக்கிறது. 1982இல் பேர்ணி கிளாஸ்மன் என்ற சென் பௌத்த ஆசிரியர் தொடங்கியது. பென் அன்ட் ஜெரிஸ் ஐஸ்கிறீமுக்குள் போடும் பிறவுணி கேக்கைச் செய்து கொடுப்பதால் பெயர் பெற்றது. அங்கே ஆள் எடுக்கும் முறை விசித்திரமானது. வேலை வேண்டும் என்பவர் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டுப் போகலாம். இடம் வந்தவுடன் பட்டியலில் அடுத்து நிற்பவரைக் கூப்பிடுவார்கள். விண்ணப்பமும் இல்லை, நேர்முகமும் இல்லை, சிறை சென்றவரா என்ற விசாரணையும் இல்லை. வேலையைப் பழக்குவார்கள். செய்யக்கூடியவர் நிலைப்பார்.

"இது தர்ம ஸ்தாபனத்துக்குச் சரி, எங்களுக்குச் சரிவராது" என்று சொல்லத் தோன்றும். பொடி ஷொப் என்ற பெரிய அழகுப்பொருள் கொம்பனி அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள தன் பண்டகசாலையில் 2019 இறுதியில் இதைப் பரீட்சித்தது. பண்டிகைக் காலத்துக்கு எடுத்த தொழிலாளர்களை மூன்று கேள்வியுடன் எடுத்தார்கள். சட்டப்படி வேலை செய்ய உரிமை உண்டா? எட்டு மணித்தியாலம் நிற்க முடியுமா? 50 இறாத்தல் தூக்க முடியுமா? முந்திய வருடத்துடன் பார்க்கும்போது, மாதாமாதம் ஆட்கள் விலகிப்போவது நூற்றுக்கு 60 குறைந்ததாகக் கொம்பனி தெரிவித்தது. அந்தக் கொம்பனியின் அமெரிக்கக் கிளை 2024இல் மூடப்பட்டுவிட்டது. அது பண நெருக்கடியின் கதை. பண்டகசாலையில் கண்ட பலன் அதனால் பொய்யாகிவிடாது.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது என்பது எங்களுக்கும் தெரியும். போர்க்லிப்ட் ஓட்டுபவருக்குப் பயிற்சி வேண்டும். மின்சார வேலைக்குத் தகுதிப் பத்திரம் வேண்டும். ஆனால் பெட்டி மடிப்பதற்கும் லேபல் ஒட்டுவதற்கும் பெல்ற்றில் வருவதைப் பார்த்துப் பழுதை எடுப்பதற்கும் வேண்டிய மூன்று கேள்விகளை அந்தப் பண்டகசாலையே எழுதிக் காட்டிவிட்டது.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

"கனேடிய அனுபவம் வேண்டும்" என்று கண்டிப்பாகக் கேட்பது, பார்த்த பார்வையிலேயே பாகுபாடு என்ற நிலைப்பாட்டை ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் எடுத்தது. அது கொள்கை. 2024இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கொம்பனி பகிரங்கமாக வேலை விளம்பரம் செய்தால் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

கனேடிய அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்திலோ விண்ணப்பப் படிவத்திலோ கேட்கக் கூடாது. சம்பளம் எவ்வளவு, அல்லது எதிலிருந்து எதுவரை என்று எழுத வேண்டும். வடிகட்டவோ தெரிவு செய்யவோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதைச் சொல்ல வேண்டும். அந்த வேலை உண்மையில் இப்போது வெற்றிடமாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நேர்முகம் கண்டவருக்கு, கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்று அறிவிக்க வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் எங்கள் மூன்று கதவுகளில் ஒன்றையே இது தொடுகிறது. வாசலில் தொங்கும் பொதுவான 'ஆட்கள் தேவை' பலகைக்கு இது பொருந்தாது. சுப்பவைசரின் வாய்மூலம் போகும் செய்திக்குப் பொருந்தாது. 24 பேர் வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தாது. மீதியைக் கொம்பனிகள் தாமாகத்தான் செய்ய வேண்டும். செய்யும்படி நாம்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் சொல்லும் எட்டு விடயங்கள்

1. வேலையை மறைக்காமல் சொல்லுங்கள். குளிரறையா, வெக்கையா, எத்தனை மணித்தியாலம் நிற்க வேண்டும், எவ்வளவு பாரம் தூக்க வேண்டும், எந்த ஷிப்ற், ஓவர்ரைம் கட்டாயமா என்பதை முதலே சொல்லுங்கள். பிள்ளையை டே கெயாரில் விட்டுவிட்டு வரும் தாய்க்கு, ஆறு மணி ஷிப்ற் என்பது வேலை கிடைத்த பிறகு கேட்கும் செய்தியாக இருக்கக் கூடாது.

2. எடுக்கும் முன் லைனைக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். ஓடுபவர் அன்றே ஓடட்டும். இரண்டு நாள் பழக்கிய பிறகு ஓடுவதை விட அது எல்லோருக்கும் நல்லது.

3. வேலையைச் செய்யவைத்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் பெட்டி அடுக்கச் சொல்லுங்கள், பழுதைப் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். பரீட்சை என்ற பெயரில் இலவச வேலை வாங்கக் கூடாது.

4. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். "உமது பலவீனம் என்ன?" என்ற கேள்விக்குச் சாதுரியமாகப் பதில் சொல்பவன் நல்ல பேச்சாளன். "பெல்ற் இறுகி நின்றுவிட்டது, என்ன செய்வீர்?" என்று கேளுங்கள். கையை விட்டு இழுப்பேன் என்பவரையும் நிற்பாட்டிவிட்டுக் கூப்பிடுவேன் என்பவரையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டும். கேட்பவர்களில் ஒருவர் லைனில் வேலை செய்பவராக இருக்கட்டும். இருவரும் தனித்தனியே புள்ளி போடட்டும்.

5. வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தை மட்டும் கேளுங்கள். ஆபத்து அறிவிப்புகளும் இயந்திரப் பொத்தான்களும் லேபல்களும் விளங்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது, அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் அதை அந்த லேபலையும் அந்தப் பொத்தானையும் காட்டித்தான் சோதிக்க வேண்டும்.

6. வெற்றிடத்தை அறிவிப்புப் பலகையில் போடுங்கள். தெரிந்தவரைக் கூட்டி வருவது குற்றமில்லை. அவரும் மற்றவர்களுடன் நின்று அதே சோதனையைச் செய்யட்டும். தேறினால், கூட்டி வந்தவருக்கும் பெருமை, வந்தவருக்கும் தலை நிமிர்வு.

7. ஏஜென்சித் தொழிலாளிக்கு ஒரு திகதி சொல்லுங்கள். இன்ன திகதியில் உமது வேலையைப் பார்த்து முடிவு சொல்வோம் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். பார்த்து எடுக்கத்தான் ஏஜென்சியை வைத்திருக்கிறோம் என்று சொல்லும் கொம்பனிகளுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். நேரடியாக எடுத்த ஒருவர் சரிவராவிட்டால், முதல் மூன்று மாதத்துக்குள் நிறுத்துவதற்கு முன்னறிவித்தலோ அதற்கான பணமோ கொடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோவின் தொழில் நியமச் சட்டம் கேட்பதில்லை. பார்த்து எடுக்கச் சட்டமே அவகாசம் தந்திருக்கிறது. சீசனுக்கு வேலை கூடும்போது ஏஜென்சியைக் கூப்பிடுவதை நாங்கள் மறுக்கவில்லை. வருடம் முழுவதும் ஓடும் லைனில் மூன்று வருடமாக ஒருவர் 'தற்காலிகமாக' நிற்பது எந்தச் சீசன்?

8. பதில் சொல்லுங்கள். இல்லை என்றாலும் சொல்லுங்கள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு வேலையையும் விட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

எமது முதலாளிகளுக்கும் சுப்பவைசர்களுக்கும்

இதுவரை சொன்னவற்றை வாசித்துவிட்டு 'வெள்ளைக்காரக் கொம்பனிகள் திருந்தட்டும்' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இன்று எம்மவர்களே தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். பேக்கரி, அச்சகம், மொத்தக் களஞ்சியம், கட்டட வேலை என்று பலதும் நடத்துகிறார்கள். பெரிய இடங்களில் சுப்பவைசராகவும் மனேஜராகவும் இருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கத்திலும் இப்போது நாம் இருக்கிறோம்.

அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? "தம்பி எந்த ஊர்?" இரண்டாவது, "ஆற்றை மகன்?" பள்ளிக்கூடத்தின் பெயர், யார் சொல்லி வந்தீர் என்பது, இவைதான் விண்ணப்பம். இந்த விடை சரியாக இருந்தால் வேலை. பிறகு சம்பளம் இரண்டு கிழமை பிந்தினாலும், ஓவர்ரைமுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்காவிட்டாலும், அந்தத் தம்பி எப்படிக் கேட்பான்? மாமாவிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் ஊருக்குக் கதை போகும், நன்றி கெட்டவன் என்ற பெயர் வரும். துண்டு முறை சட்டத்தில் 1921இல் ஒழிந்தது. எழுதப்படாத துண்டு இன்னும் சிலரின் சட்டைப் பையில் இருக்கிறது.

முதலாளிக்கும் இதில் நட்டம்தான். ஊரவன் என்று எடுத்தவனைச் சரிவராவிட்டால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இரண்டு குடும்பம் கதைக்காது. கொண்டாட்டத்துக்குச் சொல்லமாட்டார்கள். அதே நேரம், வாசலில் வந்து நின்ற வேறு ஊர்ப் பெண்ணோ, வேறு நாட்டு அகதியோ அவனை விட நன்றாக வேலை செய்யக்கூடியவராக இருந்திருப்பார். அவரைப் பார்க்காமலே அனுப்பியாகிவிட்டது. இனத்தையும் பிறந்த இடத்தையும் வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒன்ராறியோவின் மனித உரிமைக் கோவை சொல்கிறது. அந்தச் சட்டம் எங்களைப் பாதுகாக்க மட்டும் எழுதப்பட்டதல்ல. எங்கள் வாசலில் வந்து நிற்பவரையும் அது பாதுகாக்கிறது.

சின்ன இடங்களுக்கு 25 பேர் விதி பொருந்தாது என்பது உண்மை. ஆனால் சம்பளத்தை எழுதிப் போடுவதற்கும், ஒரு மணித்தியாலம் வேலையைச் செய்யவைத்துப் பார்ப்பதற்கும், இல்லை என்றால் இல்லை என்று சொல்வதற்கும் எச்.ஆர். பகுதி தேவையில்லை. ஒரு கடதாசியும் ஒரு பேனையும் போதும்.

இதில் தங்கியிருப்பது என்ன?

நிரந்தர வேலை என்ற ஒரு கடிதத்தில் எங்கள் குடும்பங்களின் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீடு வாடகைக்கு எடுக்கப் போனால் அந்தக் கடிதத்தைக் கேட்கிறார்கள். வங்கியில் கடன் கேட்டால் அதையே கேட்கிறார்கள். பிள்ளையின் பல்லுக்கும் மருந்துக்கும் காப்புறுதி கொம்பனி மூலம் வருவது நிரந்தரமானவர்களுக்குத்தான். நாளைக்கு வேலை இருக்குமா என்று இரவு ஒன்பது மணிக்கு ஏஜென்சியின் போனுக்குக் காத்திருப்பவர் எந்தத் திட்டத்தைப் போட முடியும்? ஊரிலிருக்கும் அம்மாவுக்கு மாதம் இவ்வளவு அனுப்புவேன் என்று எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?

ஆகவே இந்தக் கட்டுரையை வாசிப்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். தொழிற்சாலையில் நிற்பவர்கள், சங்கம் இருந்தால் அதன் கூட்டத்தில், இல்லாவிட்டால் பாதுகாப்புக் குழுவில், "புதிய ஆட்களை எடுக்கும்போது லைனில் இருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். ஓடிப்போகும் ஆட்களின் எண்ணிக்கையை ஒரு மாதம் கொப்பியில் குறித்துக்கொண்டு போய்க் கேட்டால், மனேஜர் காது கொடுப்பார். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், அடுத்த தடவை ஒருவர் வந்து நிற்கும்போது ஊரைக் கேட்பதற்கு முன் ஒரு பெட்டியை மடிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

தயவில் வேலை பெற்றவன் வாழ்நாள் முழுவதும் கடன்காரனாக நிற்கிறான். செய்து காட்டி வேலை பெற்றவன் சம்பளத்தைக் கேட்டு வாங்குவான், வேலையையும் ஒழுங்காகச் செய்வான். எங்கள் பிள்ளைகள் வேலை தேடும் காலம் வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் எவருக்கும் கடன்படாமல் அந்தக் கதவால் உள்ளே போகட்டும்.